வியாழக்கிழமை மாலையும் மூடாத கதவும்

பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்கவைக்கும் கிறிஸ்தவக் குடும்பங்களில், இங்கிலாந்தில் வாழ்ந்து மறைந்த இரண்டு பெண்களின் பெயர்கள் ஓயாமல் அடிபடும். ஒருவர் சூசன்னா வெஸ்லி (1669–1742). 19 பிள்ளைகளைப் பெற்றார். 10 பேர்தான் பிழைத்து வளர்ந்தார்கள். அந்தப் பத்துப் பேரில் ஜான், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கியவர். சார்லஸ், ஆயிரக்கணக்கான பாமாலைகளை எழுதியவர். மற்றவர் சார்லட் மேசன் (1842–1923). மணம் செய்துகொள்ளாதவர், பிள்ளை பெறாதவர், வாழ்நாள் முழுவதும் ஆசிரியை. ஒருவர் பிறந்து 173 ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர் மற்றவர். இருவரும் ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்தவர்கள், ஒரே வேதாகமத்தைப் படித்தவர்கள். பிள்ளையின் நற்குணத்துக்கு ஆணிவேர் சித்தம்தான் என்பதிலும் இருவரும் ஒன்றுபடுகிறார்கள். பிள்ளை பிடிவாதமாகத் தரையில் புரண்டு அழும்போது அதற்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால் மட்டும் நேரெதிரான விடைகளைத் தருகிறார்கள். அந்த இடத்தில்தான் இருவரையும் அருகருகே நிறுத்திப் பார்க்க விரும்புகிறேன்.

சூசன்னாவின் முறையை நாம் அறிவது மகன் கேட்டதால். வளர்ந்து ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஜான், தங்களை எப்படி வளர்த்தீர்கள் என்று எழுதித் தரும்படி அம்மாவிடம் கேட்டார். 1732 ஜூலை 24 தேதியிட்ட நீண்ட கடிதம் வந்தது. அம்மா இறந்த பிறகு ஜான் அதைத் தன் நாட்குறிப்பில் சேர்த்து அச்சிட்டார். இன்று வீட்டுப் பள்ளிக் கூட்டங்களில் சூசன்னாவைப் பற்றிச் சொல்லப்படுவதில் பெரும்பகுதி அந்த ஒரு கடிதத்திலிருந்து வந்ததுதான்.

லிங்கன்ஷயரின் சதுப்பு நிலத்து ஊரான எப்வர்த்தில் அவர் கணவர் சாமுவேல் குருவாக இருந்தார். கடன் தலைக்கு மேல் போய் 1705இல் சிறைக்கும் போனவர். வீட்டில் பணம் இல்லை. ஒழுங்கு மட்டும் ஒருபோதும் குறையவில்லை. ஒரு வயது நிறைந்த பிள்ளைக்கும், சில சமயம் அதற்கும் முன்பே, பிரம்புக்குப் பயப்படவும் சத்தமில்லாமல் அழவும் கற்றுக்கொடுத்ததாக அந்தத் தாய் எழுதுகிறார். அத்தனை பிள்ளைகள் இருந்த வீட்டில் அழுகைச் சத்தம் கேட்பதே அரிதாம். அழுது கேட்டால் எதுவும் கிடைக்காது. பணிவாகக் கேட்டால் கிடைக்கும். சாப்பாட்டு வேளைகளுக்கு நடுவே தின்பண்டம் கிடையாது. பேச்சு வராத, முழங்காலிட முடியாத குழந்தைகூடக் குடும்ப ஜெபத்தில் அசையாமல் இருந்து, அது முடிந்ததும் சைகையால் ஆசீர்வாதம் கேட்கப் பழக்கப்பட்டிருந்தது.

ஐந்து வயதானதும் படிப்பு. அரிச்சுவடிக்கு ஒரே நாள். காலை 9 முதல் 12 வரை, பிற்பகல் 2 முதல் 5 வரை. அந்த ஒரு நாளில் எல்லாப் பிள்ளைகளும் எழுத்துகளைக் கற்றுவிட்டார்கள். மாலி, நான்சி என்ற இரு மகள்களுக்கு மட்டும் ஒன்றரை நாள் ஆனதாம். மறுநாளே ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தை எழுத்துக்கூட்டத் தொடங்க வேண்டும்.

இந்தக் கண்டிப்புக்கு அவர் சொல்லும் காரணம் தெளிவானது. நம் சபைகளில் 'சுயசித்தம்' என்று சொல்வோமே, அதுதான் எல்லாப் பாவத்துக்கும் துயரத்துக்கும் வேர் என்பது அவர் நம்பிக்கை. ஆகவே பிள்ளையின் சித்தத்தை முதலில் வென்றாக வேண்டும், அதுவும் சீக்கிரம். அறிவு வளர நாளாகும். சித்தமோ தொட்டிலிலேயே தலைதூக்கிவிடும். சித்தம் பணிந்த பிள்ளையை, அதற்கே அறிவு முதிரும்வரை பெற்றோரின் அறிவும் பக்தியும் நடத்திச் செல்லலாம். இதை வெறும் கொடுமை என்று தள்ளிவிடுகிறவர்கள் இந்தக் கடைசிப் பகுதியைப் படிக்காதவர்கள். அவர் வேண்டியது நிரந்தர அடிமைத்தனம் அல்ல. கட்டடம் எழும்பும்வரை கட்டி வைக்கும் சாரம் போன்ற ஒன்று.

கடிதத்தின் முடிவில் அந்த வீட்டின் எட்டுச் சட்டங்கள் வருகின்றன. பிரம்பைப் பற்றிய வரிகளைவிட எனக்கு இவை பல மடங்கு பெரியவையாகத் தெரிகின்றன. குற்றம் செய்த பிள்ளை தானாக ஒப்புக்கொண்டு திருந்துவதாக வாக்களித்தால் அடி இல்லை. ஒரே குற்றத்துக்கு இருமுறை தண்டனை இல்லை. திருந்திய பின் அதைச் சொல்லிக் காட்டவும் கூடாது. கீழ்ப்படிதல் தெரிந்தால் பாராட்ட வேண்டும், அடிக்கடி பரிசும் தர வேண்டும். அம்மாவை மகிழ்விக்க எண்ணி ஒன்றைச் செய்து அது சரியாக வராமல் போனாலும், எண்ணத்தை ஏற்றுக்கொண்டு இன்முகத்தோடு திருத்திக் காட்ட வேண்டும். ஒரு குண்டூசியே ஆனாலும் ஒருவர் பொருளை இன்னொருவர் எடுக்கக் கூடாது. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும். நன்றாக வாசிக்கத் தெரியும்வரை எந்தப் பெண்பிள்ளையையும் தையல் வேலைக்கு உட்கார வைக்கக் கூடாது. பெண்கள் சரியாக வாசிக்கத் தெரியாமல் போவதே ஊசியை முந்திக் கையில் கொடுப்பதால்தான் என்று 1732இல் ஒரு தாய் எழுதியிருக்கிறார்.

இந்தச் சட்டங்களை யார்மேல் போடப்பட்டவை என்று பார்த்துப் படித்தால் ஒன்று புலப்படும். பாதிக்கு மேல் பெற்றோர்மேல் போடப்பட்டவை. சொல்லிக் காட்டாதே, இருமுறை அடிக்காதே, ஒப்புக்கொண்டவனை மன்னி என்பதெல்லாம் பிள்ளைக்கு இட்ட கட்டளைகள் அல்ல. முதல் சட்டத்தால் வீட்டில் பொய் வெகுவாகக் குறைந்தது என்று எழுதிவிட்டு, வீட்டில் ஒருவர் அதைக் கடைப்பிடிக்க மறுத்ததால் அவரிடம் மட்டும் பிள்ளைகள் பூசி மெழுகிப் பேசினார்கள் என்றும் சேர்த்து எழுதுகிறார். அந்த ஒருவர் பிள்ளைகளின் தகப்பனார்தான் என்று படிப்பவர்கள் பொதுவாகப் புரிந்துகொள்கிறார்கள். பிள்ளைகள் பொய் சொல்லக் காரணம் அவர்களுடைய கெட்ட குணம் என்று அவர் எழுதவில்லை; அன்பாக நடத்தியிருந்தால் சொல்லியிருக்க மாட்டார்கள் என்கிறார்.

இனி மேசன். 16 வயதில் பெற்றோரை இழந்தவர். ஆசிரியப் பயிற்சி பெற்று வர்த்திங் நகரில் பள்ளி நடத்தினார், சிச்செஸ்டரில் ஆசிரியைகளுக்குக் கற்பித்தார். பிராட்ஃபோர்டில் தாய்மார்களுக்கு ஆற்றிய சொற்பொழிவுகள் 1886இல் 'வீட்டுக் கல்வி' என்ற நூலாக வந்தன. மறு ஆண்டு பெற்றோர் சங்கம் ஒன்று உருவாயிற்று. 1891இல் ஏரிகள் சூழ்ந்த ஆம்பிள்சைடுக்குக் குடிபோனார். வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு அங்கிருந்து பாடத்திட்டமும் தேர்வுத் தாளும் அஞ்சலில் போயின. வீட்டில் கற்பிக்கும் ஆசிரியைகளுக்கு 1892இல் பயிற்சியகம் திறந்தது. அவர் காலத்துக்குப் பின் மெல்ல மறக்கப்பட்டார். 1984இல் சூசன் ஷேஃபர் மெக்காலே எழுதிய ஒரு நூல் அவரை அமெரிக்க வீட்டுப் பள்ளிக் குடும்பங்களுக்கு மீண்டும் அறிமுகப்படுத்தியது. சில ஆண்டுகளில் அவருடைய ஆறு தொகுதிகளும் மறுபதிப்பாயின.

பிள்ளை பிறக்கும்போதே முழு மனிதர் என்பது மேசனின் முதல் கோட்பாடு. பிறவியிலேயே நல்லதும் அல்ல, கெட்டதும் அல்ல. இரண்டுக்கும் இடம் உள்ளது. பிள்ளைகளைப் பற்றி நற்செய்தி நூல்களில் இயேசு சொன்னவற்றை மூன்று விலக்குகளாக அவர் திரட்டுகிறார்: அவர்களுக்கு இடறல் உண்டாக்கக் கூடாது, அவர்களை அற்பமாக எண்ணக் கூடாது, அவர்கள் வருவதற்குத் தடையாக நிற்கக் கூடாது. மூன்றும் பெரியவர்களுக்கு இட்டவை.

கீழ்ப்படிதலை மேசன் தளர்த்திவிட்டார் என்று நினைப்பது தவறு. கைக்குழந்தைப் பருவத்திலேயே கீழ்ப்படியும் பழக்கம் வர வேண்டும், நிறைவேற்றிவைக்க முடியாத கட்டளையைத் தாய் இடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னவர். ஆனால் பெற்றோரின் அதிகாரம் கடவுள் ஒப்படைத்தது, பெற்றோருடைய சொந்தச் சொத்து அல்ல. அதைச் சொந்தச் சொத்தாக்கிக்கொண்டு ஆள்கிறவர் சர்வாதிகாரி. அங்கே சுயசித்தம் பிடித்தவர் பிள்ளை அல்ல, பெற்றவர்.

பிடிவாதத்துக்கு வருவோம். சூசன்னா பார்வையில் பிடிவாதக்காரப் பிள்ளையிடம் சித்தம் மிதமிஞ்சி இருக்கிறது. மேசன் பார்வையில் அதனிடம் சித்தமே இல்லை. அந்த நேரத்து ஆசையும் கோபமும் இழுத்த இழுப்புக்குப் போகிற பிள்ளை, காற்றில் அடித்துக்கொள்ளும் கதவு போன்றது. அதை வலிமை என்று நாம் தவறாக எண்ணுகிறோம். 'எனக்கு வேண்டும்' என்பது ஒன்று, 'நான் செய்வேன்' என்பது வேறு. முதலாவது ஆசை, இரண்டாவதுதான் சித்தம். ஆகவே பிடிவாதக்காரப் பிள்ளையின் சித்தத்தை உடைக்கப் போகிறவர், இல்லாத ஒன்றை உடைக்கப் போகிறார். அல்லது முளைவிட்டுக்கொண்டிருக்கும் ஒன்றை மிதிக்கப் போகிறார்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? எண்ணத்தைத் திருப்பிவிடுவது. முகம் சிவந்து கோபம் ஏறும் முன்பே பிள்ளையிடம் ஒரு சின்ன வேலையைச் சொல்லி வெளியே அனுப்பு என்கிறார். கொஞ்சம் வளர்ந்ததும் இந்த வித்தையைப் பிள்ளைக்கே சொல்லிக்கொடு: தவறான ஒன்று உன்னைப் பிடித்து இழுத்தால் அதனோடு மல்லுக்கட்டாதே, மனத்தை வேறொன்றில் வை, சற்றுப் பொறுத்துத் திரும்பி வா, அப்போது உனக்குப் பலம் இருக்கும். இதைத் தெரிந்துகொண்ட பிள்ளை அம்மா பார்க்காத இடத்திலும் தப்பித்துக்கொள்ளும்.

அடுத்தது பழக்கம். தன் காலத்து மருத்துவ அறிஞர் வில்லியம் கார்பென்டரின் உடலியல் நூல்களைப் படித்த மேசன், திரும்பத் திரும்பச் செய்யும் செயல் மூளையில் தடம் பதிக்கிறது என்று நம்பினார். தண்டவாளம் போட்டுவிட்டால் வண்டி தானாக ஓடும். 'வீட்டுக் கல்வி'யில் இதற்கு அவர் காட்டும் காட்சி, கதவைச் சாத்தாத சிறுவன் ஜானி. ஆட்கள் இருக்கும் அறைக்குள் போனாலும் வந்தாலும் கதவைச் சாத்த வேண்டும் என்று அம்மா ஒருமுறை மகிழ்ச்சியான குரலில் சொல்கிறாள். நீ மறந்தால் நினைவூட்டுகிறேன் என்று வாக்கும் கொடுக்கிறாள். அவன் மறக்கும்போது 'கதவைச் சாத்து' என்று கத்தவில்லை. அவனைக் கூப்பிட்டு, நினைவூட்டுவதாகச் சொன்னேன் அல்லவா என்று மட்டும் இனிமையாகச் சொல்கிறாள். சில நாளில் பழக்கம் படிந்து வருகிறது. அப்போதுதான் ஆபத்து. பாவம், பையன் இவ்வளவு முயல்கிறானே, இன்று ஒருநாள் விட்டுவிடுவோம் என்று தாயின் மனம் இளகுகிறது. அந்த ஒருநாளில் அத்தனை நாள் வேலையும் பாழாகிறது. பிள்ளை வளர்த்த யாருக்கும் இந்த இடம் சுருக்கென்று தைக்கும். தோற்றது ஜானியின் சித்தம் அல்ல, அம்மாவுடையது.

மேசன் இன்னும் ஒரு படி போகிறார். அவரிடம் நான் கற்றவற்றில் மிகக் கடினமானது இதுதான். அச்சத்தை ஆயுதமாக்கக் கூடாது என்பதோடு நிற்காமல், அன்பையும் ஆயுதமாக்கக் கூடாது என்கிறார். 'நீ இப்படிச் செய்தால் அம்மா அழுவேன்', 'என்மேல் பாசம் இருந்தால் சாப்பிடு' என்பவை நம் வீடுகளில் நாள்தோறும் கேட்கும் வார்த்தைகள். அடிக்காத தாய் என்று பெயர் வாங்கியவர்கள் அதிகம் எடுக்கும் பிரம்பு இது. இதனால் பிள்ளை நல்லதைச் செய்யும். அது நல்லது என்பதற்காகச் செய்யாது, அம்மாவின் முகத்துக்காகச் செய்யும். அம்மா இல்லாத ஊருக்குப் போனால் எதற்காகச் செய்யும்? மதிப்பெண், பரிசு, போட்டி ஆகியவற்றின் மேலும் மேசனுக்கு இதே ஐயம் இருந்தது. இங்கே சூசன்னாவின் பரிசு தரும் சட்டத்தோடு அவர் நேராக மோதுகிறார். நான் மேசன் பக்கம்தான். ஆனால் பிள்ளை செய்த நல்லதைக் கண்டும் காணாமல் போவது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. பரிசை விட்டுவிடலாம்; பாராட்டை விட முடியாது.

இருவர் முறைக்கும் காசு விலையல்ல, வேறு விலை உண்டு. உலகத்தைத் துறந்தால் ஒழியத் தன் முறையைப் பின்பற்ற முடியாது, வாழ்வின் நல்ல காலத்தில் இருபது ஆண்டுக்கு மேல் பிள்ளைகளின் ஆத்துமாவுக்காகக் கொடுக்கிறவர் அரிது என்று சூசன்னாவே மகனுக்கு எழுதினார். மேசன் மனத்தில் வைத்து எழுதிய தாயோ பெரும்பாலும் வீட்டில் பணிப்பெண் வைத்திருந்த தாய். நல்ல பருவநிலையில் நாளுக்கு நான்கைந்து மணி நேரம் பிள்ளைகளோடு வெட்டவெளியில் இருக்கச் சொன்னவர், சட்டி பானை யார் கழுவுவது என்று சொல்லவில்லை. இன்று வேலைக்காரர் இல்லாமல் நான்கு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் தாய் அவர் நூலை மூடிவைத்துவிட்டுக் குற்ற உணர்வோடு உறங்கப் போனால் அது அவள் தவறல்ல.

சூசன்னா வீட்டுக்குள் இன்னும் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. 13 வயது வாக்கில், லண்டனில் பெயர்பெற்ற பிரிவினைச் சபைப் போதகரான தன் தகப்பனாரின் சபையை விட்டு, தானே யோசித்து ஆங்கிலிக்கன் திருச்சபையில் சேர்ந்தவர் அவர். இங்கிலாந்து அரசர் வில்லியமுக்காகக் கணவர் செய்த ஜெபத்துக்கு ஆமென் சொல்ல அவர் மனசாட்சி இடம் தரவில்லை. கணவர் சினந்து வீட்டை விட்டே போனார், சூசன்னா மசியவில்லை. பின்னர் அவர் வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு ஊரார் இருநூறு பேருக்கு மேல் வந்தபோது, நிறுத்தச் சொல்லிக் கணவர் எழுதினார். வெறும் விருப்பமாகச் சொல்ல வேண்டாம், கட்டளையாகவே இடுங்கள், கடவுளுக்குக் கணக்குக் கொடுக்கும் நாளில் பொறுப்பு உங்களுடையதாகட்டும் என்று பதில் போயிற்று. சித்தத்தை வெல்ல வேண்டும் என்று எழுதிய கை இதுதான். அவருடைய சித்தத்தை யாரும் வென்றதாகத் தெரியவில்லை. மகன் ஜானும் அப்படியே. சிறுவனாக இருந்தபோது தின்ன ஏதாவது கொடுத்தால்கூட, நன்றி, யோசித்துச் சொல்கிறேன் என்பானாம். அடித்தால் சித்தம் அழியும் என்ற கணக்கு அந்த வீட்டிலேயே சரியாக வரவில்லை.

அதே வீட்டில் மகள் ஹெட்டியும் வளர்ந்தாள். எட்டு வயதில் கிரேக்க மொழியில் புதிய ஏற்பாட்டை வாசித்தாள் என்று சொல்வார்கள், நல்ல கவிஞர். 1725இல் ஒருவனை நம்பி வீட்டை விட்டுப் போனார். அவன் மணக்காமல் கைவிட, கர்ப்பிணியாகத் திரும்பி வந்தவரை, ஈயக்குழாய் வேலை செய்யும் ஒருவருக்கு அவசர அவசரமாக மணம் முடித்தார்கள். அந்த மணவாழ்வில் அவருக்குச் சுகமே இல்லை. மன்னிப்புக் கேட்டு எழுதியும் தகப்பனார் மனம் இளகவில்லை. தவறியவர்மேல் காட்ட வேண்டிய அன்பைப் பற்றி ஜான் 1726இல் செய்த பிரசங்கம் தகப்பனாரைப் புண்படுத்தியது. திருந்திய குற்றத்தைச் சொல்லிக் காட்டாதே என்ற சட்டம் இருந்த வீடு அது. குழந்தைகளுக்கு இருந்த சட்டம் வளர்ந்த மகளுக்கு இல்லாமல் போயிற்று. சூசன்னாவின் கடிதத்தைப் படிக்கும்போதெல்லாம் இந்த மகள்தான் எனக்குக் குறுக்கே வந்து நிற்கிறாள்.

ஆனால் சூசன்னாவை மேசனுக்கு மிக அருகே கொண்டுவரும் செயல் ஒன்று உண்டு. அதன் தொடக்கம் நம் கடற்கரையில் இருக்கிறது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரிகள் சீகன்பால்குவும் புளூட்சோவும் தங்கள் வீட்டிலேயே ஒரு தமிழ் வாத்தியாரைப் பள்ளி நடத்தவைத்து, பிள்ளைகளோடு பிள்ளைகளாக மணலில் எழுத்து எழுதித் தமிழ் கற்றார்கள். அவர்கள் அனுப்பிய கடிதங்கள் 1709இல் ஆங்கிலத்தில் நூலாக வந்தன. கணவர் லண்டன் போயிருந்த காலத்தில் மகள் எமிலி அந்த நூலை அப்பாவின் படிப்பறையில் கண்டெடுத்து அம்மாவுக்கு வாசித்துக்காட்டினாள். சூசன்னாவால் நாட்கணக்கில் வேறெதையும் நினைக்க முடியவில்லை. நான் ஆணும் அல்ல, குருவும் அல்ல, ஆனாலும் இப்போது செய்வதைவிட அதிகமாகச் செய்யலாமே, என் பிள்ளைகளிடமிருந்து தொடங்கலாமே என்று எண்ணியதாக 1712 பிப்ரவரி 6 அன்று கணவருக்கு எழுதினார்.

அப்படித் தொடங்கியதுதான் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மாலை. திங்கள் மாலி, செவ்வாய் ஹெட்டி, புதன் நான்சி, வியாழன் ஜாக்கி என்ற ஜான், வெள்ளி பேட்டி, சனி சார்லஸ், ஞாயிறு எமிலியும் சூக்கியும். வகுப்பு அல்ல, பிரம்பும் இல்லை. தாயும் ஒரு பிள்ளையும் தனியாக உட்கார்ந்து, அந்தப் பிள்ளையின் மனத்தில் இருப்பதைப் பேசும் நேரம். எட்டு வயதுச் சிறுவனை முழு மனிதனாக மதிக்காமல் இப்படி ஒரு மாலையை ஒதுக்க முடியாது. மேசன் 170க்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்குப் பின் கோட்பாடாக எழுதியதை, வீட்டு வேலைகளுக்கு நடுவே சூசன்னா வாரந்தோறும் செய்துகொண்டிருந்தார்.

1732இல் ஜானுக்கு 28 வயது. ஆக்ஸ்ஃபோர்டு கல்லூரியில் ஆசிரியர், குருப்பட்டம் பெற்றவர். அந்த ஆண்டின் தொடக்கத்தில் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வேண்டுகோள் வைத்தார். முன்பு எனக்குக் கொடுத்துவந்த வியாழக்கிழமை மாலையில் கொஞ்ச நேரத்தை இப்போதும் எனக்காக ஒதுக்க முடியுமா, அன்று என் புத்தியைச் சீராக்க உதவியதுபோல் இன்று என் இருதயத்தைச் சீராக்க அது உதவும் என்று கேட்டிருந்தார்.